மைனாவும் ‘குறைந்த கவலை’யும்



மாலை ஆறு மணியளவில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள அரசமரத்தின் கீழ் நின்று உரையாட முயன்றவர்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேளாது என்பதை நன்கறிவர். அந்நேரத்தில் அம்மரம் மைனாக்களுக்கு உரியது. நாற்றிசையிலிருந்தும் இரண்டிரண்டாகவும் நான்கைந்தாகவும் வந்து சேரும் பறவைகள், இருள் சூழும்வரை இடம்பிடிக்கும் பூசலில் ஈடுபட்டிருக்கும். இருள் கவிந்ததும் யாரோ கட்டளையிட்டாற்போலச் சத்தம் அடங்கிவிடும். இக்காட்சி நம் நாட்டில் பெரும்பாலும் எல்லா ஊர்களிலும் உண்டு. அதனாலேயே அதனை நின்று பார்ப்பார் எவருமில்லை.

இத்தகைய பறவையைப் பற்றி வானொலியிற் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எவரும் கவனியாத பறவை என்பதே நான் பேச முன்வந்ததற்குக் காரணம்.

முதலில் பறவையை அறிமுகஞ் செய்கிறேன். மைனா ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் நீளமுடையது. உடல் கபில நிறம். தலையுங் கழுத்தும் கருமை. அலகுங் கால்களும் மஞ்சள். கண்ணின் பின்னே இறகற்ற மஞ்சட்டோல் ஒன்று தெரியும். அமர்ந்திருக்கும்போது மங்கலாகத் தோன்றும் இப்பறவை பறக்கும்போது, இறக்கைகளில் மறைந்திருந்த வெண்பட்டைகள் பளிச்சிடும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடையன. நம் பழந்தமிழ் நூல்கள் நாகணவாய்ப்புள் என்றும் பூவை என்றும் கூறும் பறவைகள் இக்குடும்பத்தையே சார்ந்தவை. கிளியோடு சேர்த்துக் கூறப்படும் பூவை, பேச்சுப் பழகவல்லது என்பதால் மனைகளில் வளர்க்கப்பட்டது.

இதன் அறிவியற் பெயர் அக்கிரிடோதீரசு திரிசுத்திசு. முற்பகுதிக்கு வெட்டுக்கிளி வேட்டையாடி என்பது பொருள். பிற்பகுதிக்குத் துயருற்றது, பொலிவற்றது என்பது பொருள். 1766ஆம் ஆண்டிலே இதற்குப் பெயரிட்ட சுவீடன் தேசத்து அறிஞர் இலின்னேயசு இப்பறவையைச் சொர்க்கப் பறவைகளின் கூட்டத்திலே சேர்த்திருந்தார் என்பது இன்று நமக்கு வியப்பளிக்கும். இலங்கையில் வாழும் மைனா இந்தியாவில் உள்ளதினும் சற்றுக் கருமை மிகுந்தது. அவ்வேறுபாட்டைக் கண்டு, 1879ஆம் ஆண்டிலே இதனைத் தனியொரு கிளையினமாகப் பெயரிட்டவர், இலங்கையிலே படைத்துறையில் பணியாற்றியவரும், இந்நாட்டுப் பறவைகளைப் பற்றிய பெருநூலொன்றை எழுதியவருமாகிய வின்சன்ற் லெக் என்பவர். ஆகவே நாம் பொருட்படுத்தாத இப்பறவை, தனக்கென ஒரு பெயருடைய இந்நாட்டுப் பிரசை என்று கூறலாம்.

இதன் வாழ்க்கை மனிதனின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தது. வயலை உழும்போது பின்னால் நடந்து வரும். மாடு மேயுமிடத்தில் அதன் காலடியிலிருந்து தப்பியோடும் பூச்சிகளைப் பிடிக்கும். வெட்டுக்கிளி, புழு, மண்புழு, பழம், தானியம், சோற்றுப் பருக்கை, சிறு பல்லி என்று எதனையும் உண்ணும். வாய்ப்பு நேர்ந்தால் பிற பறவைகளின் முட்டைகளையும் விட்டுவைப்பதில்லை. உணவு விடயத்தில் இவ்வளவு தாராளமுடைய பறவை, வசிப்பிட விடயத்தில் மட்டும் ஒன்றை வற்புறுத்தும். அதற்குப் பொந்து வேண்டும். தானாகப் பொந்து குடையும் அலகு அதற்கில்லை. மரங்கொத்தி குடைந்து கைவிட்ட துளை, உக்கிய மரத்தின் குழி, சுவரின் வெடிப்பு, கூரையின் இடுக்கு ஆகிய இவற்றையே அது நாடும். அங்கே வைக்கோல், வேர், கடதாசித் துண்டு, சில வேளைகளிற் பாம்புச் சட்டை முதலியவற்றைத் திணித்து, நான்கைந்து நீலநிற முட்டைகளை இடும். முட்டைகள் ஏறக்குறைய இரண்டரைக் கிழமையிற் பொரிக்கும். அதன்பின் ஏறக்குறைய மூன்று கிழமை, பெற்றோர் இரண்டும் மாறி மாறி இரை ஊட்டும்.

இப்பொந்து விடயத்திலேதான் நானும் இப்பறவையும் எதிர்ப்பட்டோம். அதனைச் சொல்லாமல் மேலே செல்லுதல் நேர்மையாகாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக நான் கடமையாற்றுகிறேன். எங்கள் மைதானத்தின் ஓரத்தில் வட்டிழந்த பனைகள் நான்கு நின்றன. போர் நடந்த ஆண்டுகளிலே, பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக வடக்கில் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டதை நேயர்கள் அறிவீர்கள். தறிக்கப்படாமல் தப்பியவற்றுள்ளும் பல, எறிகணையால் தலை இழந்தன. அவ்வாறு பட்டுப்போன மரங்களே இவை. அவற்றின் பொந்துகளிலே கிளிகளும் மைனாக்களும் ஆண்டுதோறும் கூடு வைத்தன. பிள்ளைகள் விளையாடும் இடத்திலே உக்கிய மரம் நிற்பது ஆபத்து என்று பெற்றோர் முறையிட்டனர், அம்முறைப்பாடு நியாயமானது. மூன்றைத் தறிப்பதற்கு நானே கையொப்பமிட்டேன். அன்று அப்பறவைகளைப் பற்றி ஒரு கணமேனும் நான் எண்ணவில்லை.

மறுவருடம் பங்குனி மாதத்திலே, அலுவலகக் கட்டடத்தின் சுவர்த்தலைக்கும் ஓட்டுக்கும் இடைப்பட்ட வெளியில் மைனாக்கள் குடிபுகுந்தன. வைக்கோலும் எச்சமும் வரவு இடாப்புகளின் மேல் விழத் தொடங்கின. கூரை திருத்த வந்த தச்சர், ஏணியில் நின்றபடி, “மைனாக் கூடுதானே சேர், எடுத்தெறிஞ்சால் முடிஞ்சுது. அதுகள் ஊரெல்லாம் கிடக்குதுகள்” என்றார். நானும் “சரி, எடுங்கள்” என்று சொல்ல வாயெடுத்தேன். அவ்வேளை, இடாப்புக் கொண்டுவந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, விஞ்ஞான பாடத்திலே அண்மையிற் படித்ததை நினைந்து, “சேர், மைனா குறைந்த கவலைக்குரியது என்று படித்தோம். அப்படியென்றால் கவலை வேண்டியதில்லை என்பதா?” என்று கேட்டாள். அவள் கேள்வியில் எதிர்ப்பு இருக்கவில்லை. பொருள் அறியும் விருப்பமே இருந்தது. கலைப் பட்டதாரியாகிய எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. கூரை வேலையை மூன்று கிழமை ஒத்திவைத்துவிட்டு, அவளுக்கு விடை தேடினேன். தேடிக் கண்டதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் என்ற அமைப்பு 1948ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டில் நிறுவப்பட்டது. 1964ஆம் ஆண்டு முதல் அது சிவப்புப் பட்டியல் என்னும் ஓர் ஏட்டைப் பேணி வருகிறது. உலகின் உயிரினங்கள் அழிவுக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றன என்று கணித்து, படிப்படியாக வகுத்துக் காட்டுவது அதன் பணி. முற்றாக அழிந்தவை, காட்டில் அழிந்து கூண்டில் மட்டும் எஞ்சியவை, மிகக் கடுமையான ஆபத்தில் உள்ளவை, ஆபத்தில் உள்ளவை, ஆபத்துக்கு உட்படக்கூடியவை, ஆபத்தை அணுகுபவை என்று அப்படிகள் இறங்கி வந்து, இறுதியிலே குறைந்த கவலைக்குரியவை என்ற படியில் முடிகின்றன. நம் மைனா நிற்பது இக்கடைசிப் படியிலேயாகும்.

இப்படிகள் எவரோ ஊகித்து வைத்தவை அல்ல. ஓரினத்தின் தொகை எவ்வளவு விரைவாகக் குறைகிறது, அது வாழும் பரப்பு எவ்வளவு, எஞ்சியுள்ள பறவைகள் எத்தனை என்ற அளவுகோல்கள் உண்டு. எடுத்துக்காட்டாக, 10 ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைக் காலத்தில், இவற்றுள் எது நீண்டதோ அக்காலத்தில், ஓரினத்தின் தொகை நூற்றுக்கு 30 பங்கு குறையுமாயின் அது ஆபத்துக்கு உட்படக்கூடியது எனக் கொள்ளப்படும். மைனாவோ குறையவில்லை, உலக அளவிலே அதன் தொகை பெருகி வருவதாகவே கணிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ‘குறைந்த கவலை’ என்பது உண்மையான தீர்ப்பே. மைனா அழிந்துவிடும் என்று உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று.

ஆனால் அத்தீர்ப்பு எதனைச் சொல்லவில்லை என்பதையும் நாம் அறியவேண்டும். அது உலகம் முழுவதற்குமான தீர்ப்பு. உங்கள் ஊருக்கு உரியதன்று. அது இன்றைய தீர்ப்பு. நாளைக்குப் பிணை நிற்பதன்று. அன்றியும், அது ஓரினம் அழியுமா என்பதை மட்டுமே ஆராய்கிறது. அவ்வினத்தால் பிறிதோரினத்துக்கு நேரும் கேட்டை அது ஆராய்வதில்லை. இம்மூன்றையும் விளக்குவதற்கு மைனாக் குடும்பமே போதிய சான்று தரும்.

கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். மைனாவின் தாயகம் தென்னாசியாவும் அதனைச் சூழ்ந்த நாடுகளுமாகும். வெட்டுக்கிளியை உண்ணும் என்று கேள்வியுற்ற வெள்ளையர் அதனைக் கப்பலேற்றினர். 18ஆம் நூற்றாண்டிலே இந்து சமுத்திரத்தின் ரெயூனியன், மொரிசியசுத் தீவுகளுக்கு அது சென்றது. 1860களில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்துத் தோட்டங்களுக்கும், பின்னர் குயின்ஸ்லாந்தின் கரும்பு வயல்களுக்கும் சென்றது. 1865ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளை அடைந்தது. சென்ற இடமெங்கும் அது பூச்சிகளை உண்டது உண்மையே. ஆயின் பூச்சிகளோடு நில்லாமல், அவ்விடத்துப் பறவைகளின் பொந்துகளைக் கைப்பற்றியது. முட்டைகளையுங் குஞ்சுகளையும் எறிந்தது. ஹவாயிலே உண்ணிச் செடியின் பழங்களைத் தின்று, அதன் விதைகளைக் காடெங்கும் பரப்பியது. சீசெல்சுத் தீவுகளிலே, நம் தோட்டங்களிற் பாடும் குண்டுக்கரிச்சானுக்கு உறவான ஓர் அரிய பறவை, சிறு தீவுகள் சிலவற்றில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதன் கூடுகளுக்கு மைனா இடையூறு விளைத்தது. எனவே அங்கே சில தீவுகளிலிருந்து மைனாவை ஒன்று விடாமல் அகற்றும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது.

2000ஆம் ஆண்டிலே, உலகத்துக்கு மிகுந்த கேடு விளைவிக்கும் அந்நிய உயிரினங்கள் 100 என்றொரு பட்டியல் வெளியாயிற்று. அதில் இடம்பெற்ற பறவைகள் மூன்றே. ஒன்று ஐரோப்பிய நாடுகளுக்குரிய ஸ்ரார்லிங். மற்றையவை இரண்டும் நம் வீட்டு முற்றத்தில் நாள்தோறும் காணப்படுபவை. மைனாவும், வாலடியிற் செந்நிறமுடைய கொண்டைக்குருவியும் ஆகும். தாய்மண்ணிலே அடக்கமாக வாழும் பறவை அயல்மண்ணிற் பகையானது பறவையின் குற்றமா? இங்கே அதன் முட்டையை உண்ணும் பாம்பு உண்டு. குஞ்சைக் கவரும் காகமும் பருந்தும் உண்டு. பொந்துக்குப் போட்டியிடும் கிளி உண்டு. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஒன்றையொன்று அளந்து வைத்திருக்கும் அண்டை அயலார் இவர்கள். அத்தடைகள் இல்லாத தீவிலே அதனைக் கொண்டுபோய் விட்டவன் மனிதனே. கூட்டிலே வளர்த்த பறவையை வேறு நாட்டில், வேறு தீவில் திறந்துவிடுவது அறச்செயல் என்று எண்ணுவோர் இவ்வரலாற்றைச் சிந்தித்தல் வேண்டும்.

இனி, பெருந்தொகை என்பது பிணை அன்று என்பதற்கு வருவோம். இந்தோனேசியாவின் யாவாத் தீவிலே, நம் மைனாவுக்கு மிக நெருங்கிய உறவான யாவா மைனா வாழ்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், கூட்டுப் பறவையாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட அது, இன்று அந்நகரத்தில் மிகப் பெருந்தொகையாகக் காணப்படும் பறவைகளுள் ஒன்று. மாலை வேளையில் அது செய்யும் ஆரவாரத்தைத் தாங்காமல் அங்குள்ளோர் முறையிடுகின்றனர். ஆனால் அதே பறவை தன் தாயகமாகிய யாவாவிலே அருகி வருகிறது. பறவை வளர்ப்பு அங்கே பெருவழக்கு. சந்தைக்காகப் பிடித்துப் பிடித்தே அதனைக் குறைத்துவிட்டனர். சிவப்புப் பட்டியல் இன்று அதனை ஆபத்துக்கு உட்படக்கூடியது எனக் குறிக்கிறது. விரட்டப்படும் பறவையும் தேடப்படும் பறவையும் ஒன்றே, இடமே வேறு.

பக்கத்துத் தீவாகிய பாலியின் நிலை இதனினும் துயரமானது. பால்போல் வெண்ணிறமும் கண்ணைச் சூழ்ந்து நீலத்தோலும் உடைய பாலி மைனா, 1912ஆம் ஆண்டிலேதான் அறிவியலுலகுக்கு அறிமுகமாயிற்று. நூறு ஆண்டு நிறைவதற்குள், காட்டிலே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கு அது குறைந்தது. இன்று கூண்டுகளிலே பெருக்கி மீண்டுங் காட்டில் விடுவதாலேயே அவ்வினம் தாயகத்திற் பிழைத்திருக்கிறது. அதன் அழகே அதற்குப் பகையாயிற்று.

மைனாக் குடும்பத்தை விட்டு, நம் இன்னோர் அயலவரையும் நினைப்போம். ஊர்க்குருவி உலகளவிலே இன்றும் குறைந்த கவலைக்குரியதே. ஆயினும் பிரித்தானியாவிலே 1970களுக்குப் பின்னர் அதன் தொகை பாதிக்கு மேற்பட்டுக் குறைந்ததால், அந்நாட்டார் 2002ஆம் ஆண்டிலே தம் நாட்டளவிலான அபாயப் பட்டியலில் அதனைச் சேர்த்தனர். வீட்டுத் தாழ்வாரத்திற் குருவிக்கென்று சட்டி கட்டித் தொங்கவிட்ட நம் முதியோரைக் கேட்டால், ‘அக்காலத்தில் எத்தனை குருவி!’ என்று பெருமூச்சு விடுவார்கள். உலகத்திலே குருவி உண்டு. நம் முற்றத்திலே இல்லை. உலகப் பட்டியல் இவ்விழப்பைக் காட்டாது.

இது ஓரிரு பறவைகளின் கதையன்று. 2019ஆம் ஆண்டில் வெளியான ஓராய்வின்படி, 1970 முதல் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துள்ளன. அவ்விழப்பிற் பெரும்பகுதி அரிய பறவைகளுக்கு நேர்ந்ததன்று. குருவி போன்ற சாதாரணப் பறவைகளுக்கு நேர்ந்தது. அமெரிக்கர் இப்பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை படித்தவர்கள். வானத்தை மறைத்துக் கூட்டங்கூட்டமாகப் பறந்த பயணப் புறா, கோடிக்கணக்கில் வாழ்ந்த இனம். அதன் கடைசிப் பறவை 1914ஆம் ஆண்டு செப்தெம்பர் முதலாந் திகதி, சின்சினாற்றி நகரத்து விலங்குச்சாலையிற் கூண்டினுள் இறந்தது. ‘அதுகள் ஊரெல்லாம் கிடக்குதுகள்’ என்று அங்கேயும் ஒருகாலத்தில் எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

எனவே, அம்மாணவிக்கு நான் கூறிய விடை இதுவே: “குறைந்த கவலை என்பது எண்ணிப் பார்த்தபின் கிடைத்த ஆறுதல். எண்ணுவதை நிறுத்தினால் அந்த ஆறுதல் பொய்யாகிவிடும்.” ஒருவர் நாடித்துடிப்பு ஒழுங்காக உள்ளது என்று வைத்தியர் சொன்னால், இனி நாடி பார்க்கவே வேண்டாம் என்பது அதன் பொருளாகாது.

எண்ணுவதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. 1943ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைப் பறவைக் கழகத்தில் உறுப்பினராயிருந்தோர் பலர், தம் தொழிலுக்கிடையே கண்டதைக் குறித்து அனுப்பியவர்களே. நாள், இடம், பறவை, தொகை என்னும் நான்கையும் தவறாமற் குறிப்பதே அவர்கள் செய்த தொண்டு. அத்தொண்டைப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம்.

எங்கள் பாடசாலையில் அந்த மூன்று கிழமையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளைதோறும் அலுவலகக் கூரையை நோக்கியிருந்து, பறவைகள் கொணர்ந்த இரையை எழுதினார்கள். வெட்டுக்கிளியும் புழுவுமே மிகுதி. ஒருநாள் ஓர் ஓணான் குஞ்சு. ஒருநாள் சிற்றுண்டிச்சாலையிலிருந்து வடைத் துண்டு. நான்கு குஞ்சுகளுள் ஒன்றைக் காகம் கொண்டுபோயிற்று. பிள்ளைகள் சிலர் அழுதனர். காகத்துக்கும் குஞ்சு உண்டு என்று சொல்லித் தேற்றினேன். மற்றைய மூன்றும் பறந்தபின்னரே தச்சரை அழைத்துக் கூரையை அடைப்பித்தேன். எஞ்சி நின்ற நான்காவது பனையைத் தறிக்கவில்லை. மைதானத்தின் மூலையில் நின்ற அதனைச் சுற்றி, பிள்ளைகள் அணுகாதவாறு தூரமாக வேலி அடைத்தோம். முன்னரே சிந்தித்திருந்தால், மூன்றையும் தறிப்பதற்குப் பதிலாக ஒன்றிரண்டையாவது இவ்வாறு காத்திருக்கலாம் என்ற குறை என் மனத்தில் உண்டு. மரத்தைத் தறிக்கும்போது அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பது, அதிபருக்கும் உரிய கடமை என்று இப்பொழுது அறிந்துகொண்டேன்.

நேயர்களே, உங்களிடம் நான் வேண்டுவன சிலவே. பட்டமரம் ஒன்று எவருக்கும் ஆபத்தின்றி நிற்குமாயின் அதனை நிற்க விடுங்கள். கூரை திருத்துமுன் குஞ்சுகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் மூன்று கிழமை பொறுங்கள். காட்டுப் பறவையை விலைகொடுத்து வாங்காதீர்கள். வாங்குவோர் இல்லையேல் பிடிப்போரும் இல்லை. மாதத்தில் ஒருநாள், மாலையிலே, உங்கள் ஊர் மரத்தடியில் பிள்ளைகளோடு நின்று, வந்தடையும் மைனாக்களை எண்ணிக் குறித்து வையுங்கள். இவ்வாண்டு எழுதியதோடு அடுத்த ஆண்டு எழுதியதை ஒப்பிடும்போதே அக்குறிப்பின் பெறுமதி தெரியவரும்.

இன்று மாலையும் அந்த அரசமரத்தில் ஆரவாரம் இருக்கும். அதன்கீழ் ஒரு கணம் நின்று கேளுங்கள். கேட்டு, எத்தனை பறவைகள் என்று எண்ணத் தொடங்குங்கள்.